ஒஸ்லோவுக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோடை விடுமுறை நெருங்கினால் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயாது. பாரிசிலிருந்து உறவினர், டொரொண்டோவிலிருந்து கூடப் படித்தவர், சென்னையிலிருந்து இங்கே வேலை கிடைத்து வரப்போகும் இளைஞர் என்று ஆட்கள் மாறுவார்கள். கேள்விகள் மட்டும் பெரும்பாலும் அதேதான். பல வருடங்களாக இந்த நகரத்தில் வாழ்கிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒஸ்லோ பெரிய நகரமா?

இல்லை. நோர்வேயின் தலைநகரம் இதுதான் என்றாலும் நகரசபை எல்லைக்குள் வாழ்பவர்கள் 7 லட்சத்துக்குச் சற்று மேல்தான். பரப்பளவு 454 சதுர கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காடு. தெற்கே ஒஸ்லோ ஃபியோர்ட், அதாவது நிலத்துக்குள் நீளமாகப் புகுந்து வந்த கடல். மற்றப் பக்கங்களில் காடு மூடிய மலைகள். நடுவில் ஒரு கிண்ணத்துக்குள் வைத்தது போல வீடுகள்.

லண்டனையோ பாரிசையோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் முதல் நாள் கொஞ்சம் ஏமாந்துபோவார்கள். கார்ல் யூஹான் தெருவில் மத்திய ரயில் நிலையத்திலிருந்து அரண்மனை வரை இருபது நிமிடத்தில் நடந்து முடித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். கட்டடங்களை மட்டும் பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் இந்த ஊரின் செல்வம் காட்டிலும் தண்ணீரிலும் இருக்கிறது. அந்த இரண்டையும் பார்க்காமல் போகிறவர் ஒஸ்லோவைப் பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

இந்த நகரத்துக்கு முன்பு வேறு பெயர் இருந்ததாமே?

ஆமாம், முந்நூறு வருடங்கள் இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

ஹரால்ட் ஹார்ட்ரோட என்ற மன்னர் 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த ஊரை நிறுவினார் என்பது மரபு. அகழ்வில் கிடைத்த கிறிஸ்தவக் கல்லறைகள் அதைவிடப் பழையவை என்று தெரிந்ததால் 2000ஆம் ஆண்டில் ஆயிரமாவது ஆண்டு விழாக் கொண்டாடினார்கள். 1300ஐ ஒட்டி ஐந்தாம் ஹோக்கோன் மன்னர் துறைமுகத்துக்கு மேலே பாறையில் அகேர்ஷூஸ் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். பிறகு கொள்ளைநோய் வந்தது, நாடு மெலிந்தது, டென்மார்க்கோடு ஒரே முடியின் கீழ் போனது. அரசர் இருந்தது கோப்பன்ஹேகனில்.

1624இல் பெரும் தீ. மரவீடுகள் நிறைந்த பழைய ஒஸ்லோ எரிந்துபோனது. நான்காம் கிறிஸ்தியான் மன்னர் வந்து பார்த்து, அதே இடத்தில் திரும்பக் கட்டக் கூடாது, கோட்டைக்குக் கீழே புது நகரம் வேண்டும் என்று கட்டளையிட்டார். தெருக்கள் அகலமாகவும் நேராகவும் ஒன்றையொன்று சதுரமாக வெட்டவும் வேண்டும். மரத்தில் வீடு கட்டக் கூடாது. அந்த நகரத்துக்குத் தன் பெயரையே வைத்து கிறிஸ்தியானியா ஆக்கினார். கோட்டைக்கு அருகே அந்தச் சதுரத் தெருக்கள் இன்றும் இருக்கின்றன. அங்கே ஒரு சிறு சதுக்கத்தில், கையுறை போட்ட பெரிய கை ஒன்று தரையைச் சுட்டிக்காட்டுகிறது. "நகரம் இங்கேதான்" என்று அரசர் விரலை நீட்டிய கதையின் நினைவாக வைத்த சிற்பம் அது. பிள்ளைகளோடு போனால் அந்த விரலுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுங்கள்.

பழைய பெயர் அழியவில்லை. நகரத்துக்கு வெளியே இருந்த ஏழைகளின் புறநகர்ப் பகுதியை மக்கள் ஒஸ்லோ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1814இல் டென்மார்க்கிடமிருந்து விலகி, சுவீடனோடு ஒன்றியத்தில் இருந்து, 1905இல் நோர்வே தனி நாடானது. அதற்குப் பிறகும் தலைநகரத்துக்கு அயல் அரசரின் பெயர் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. 1925 ஜனவரி 1 முதல் மீண்டும் ஒஸ்லோ. ஏழைகளிடம் தங்கிப்போன பெயர் நாட்டின் தலைநகரத்துக்கே திரும்பி வந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

மத்திய ரயில் நிலையத்துக்கு முன்னால் ஏன் புலி நிற்கிறது?

தமிழர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது! எங்களோடு அதற்குத் தொடர்பில்லை. 1870இல் ப்யோர்ன்சன் என்ற கவிஞர் குதிரைக்கும் புலிக்கும் நடக்கும் சண்டையைப் பாடினார். அதில் புலிதான் ஆபத்தான நகரம். அன்றிலிருந்து ஒஸ்லோவுக்குப் 'புலிநகரம்' என்று செல்லப்பெயர். 2000ஆம் ஆண்டு விழாவுக்காக அந்த வெண்கலப் புலியை வைத்தார்கள்.

மூன்று நாள்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

முதல் நாள் ரயில் நிலையத்துக்குப் பின்னால் பியோர்விகா. பத்து இருபது வருடங்களுக்கு முன்புவரை கொள்கலன்களும் நெடுஞ்சாலையுமாக இருந்த கரை அது. 2008இல் ஒப்பேரா மண்டபம் வந்தது. வெள்ளைச் சலவைக்கல் கூரை தண்ணீரிலிருந்து சரிவாக எழும். யாரும் அதன்மேல் ஏறி நடக்கலாம், உள்ளே பாட்டுக் கேட்கச் சீட்டு வாங்கியிருக்க வேண்டியதில்லை. வெயில் நாளில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஏறாதீர்கள், கல் கண்ணைக் கூசவைக்கும். குளிர்காலத்தில் வழுக்கும்.

பக்கத்தில் நோர்வே ஓவியர் எட்வர்ட் முங்கின் பெயரில் 2021இல் திறந்த முங்க் அருங்காட்சியகம், 13 மாடி. அவருடைய 'அலறல்' ஓவியத்தின் வெவ்வேறு வடிவங்கள் அங்கே இருக்கின்றன. மங்கிவிடக்கூடியவை என்பதால் ஒன்றை மூடி ஒன்றைத் திறந்து முறை வைத்துக் காட்டுகிறார்கள். அதிகம் பேர் அறிந்த 1893ஆம் ஆண்டு ஓவியம் இங்கே இல்லை, நகரசபைக்கு அருகே 2022இல் திறந்த தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைத் தெரியாமல் வந்து திண்டாடுகிறவர்கள் அதிகம்.

அதே கரையில் டைக்மான் நூலகம். ஒருவரும் உங்களை இதற்குக் கூட்டிப்போக மாட்டார்கள், நீங்களே போங்கள். நுழைவு இலவசம். மேல் மாடியில் மரத்தால் செய்த ஒரு சின்ன அறை இருக்கிறது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும், கோவிலுக்குள் போவது போல. சுவரில் அடுக்கடுக்காக மர வளையங்கள், அவற்றின் இடையே கண்ணாடி இழுப்பறைகள். 2014இல் நகரத்துக்கு வடக்கே காட்டில் ஆயிரம் மரக்கன்றுகள் நட்டார்கள். ஒவ்வொரு வருடமும் ஓர் எழுத்தாளர் யாரும் படிக்காத கையெழுத்துப் படி ஒன்றைக் கொடுப்பார். அது அந்த இழுப்பறைக்குள் போகும். 2114இல் அந்த மரங்களை வெட்டிக் காகிதமாக்கி நூறு நூல்களையும் அச்சிடுவார்கள். நாம் யாரும் படிக்க முடியாது. அந்த அறையில் உட்கார்ந்தால் மரவாசம் மட்டும் வரும், பேசத் தோன்றாது.

இரண்டாம் நாள் ஃப்ரோக்னர் பூங்கா. குஸ்தாவ் விகெலான்ட் என்ற ஒரே சிற்பியின் 200க்கும் மேற்பட்ட சிற்பங்கள், கதவும் காவலும் இல்லாமல் இரவு பகலாகத் திறந்திருக்கின்றன. நடுத்தூணில் ஒரே கருங்கல்லில் 121 மனித உருவங்கள். அதைச் செதுக்க மூன்று கற்தச்சர்களுக்கு 14 வருடங்கள் எடுத்தன. பாலத்தில் காலை உதைத்து அழும் சின்னப் பையனைத் தேடுங்கள். எல்லோரும் கையைப் பிடித்துப் பிடித்து அந்த இடது கை மட்டும் பொன்போல மின்னும்.

மூன்றாம் நாள் பிக்டோய் தீபகற்பம். துருவத்துக்குப் போன ஃப்ராம் கப்பலின் உள்ளே ஏறிப் பார்க்கலாம். 1947இல் பெருவிலிருந்து 101 நாள் பசிபிக்கில் மிதந்த கோன்-டிக்கி தெப்பமும், 1200ஐ ஒட்டிய மரத்தேவாலயம் நிற்கும் நாட்டுப்புற அருங்காட்சியகமும் அங்கேயே இருக்கின்றன. வைக்கிங் கப்பல் அருங்காட்சியகம் 2022இல் பெரிதாகக் கட்டுவதற்காக மூடப்பட்டது; வருவதற்கு முன் திறந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காடு, காடு என்கிறீர்கள். நகரத்தில் என்ன காடு?

நாங்கள் அதை 'மார்கா' என்போம். நிலக்கீழ் ரயிலில் ஏறிக் கடைசித் தரிப்பில் இறங்கினால் காடு. மிகையாகச் சொல்லவில்லை. 5ஆம் தடம் சோங்ஸ்வான் ஏரியோடு முடிகிறது. மேடையிலிருந்து தண்ணீருக்கு ஐந்து நிமிட நடை. ஏரியைச் சுற்ற மூன்று கிலோமீட்டர் சொச்சம். தள்ளுவண்டிக் குழந்தையோடும் போகலாம். அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் காட்டு வழியே ஏறினால் உல்லேவோல்சேத்தர் என்ற பழைய பண்ணைவீடு. கறுவா பன்னும் கோப்பியும் வாங்கி வெளியே மரவாங்கில் உட்காரலாம். நடந்து போகும் பாதையை மரங்களில் நீல வண்ணத்தாலும் பனிச்சறுக்குப் பாதையைச் சிவப்பாலும் குறித்திருப்பார்கள். நீலத்தைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தவறாது.

இந்தக் காடு தற்செயலாகத் தப்பியது இல்லை. வீடு கட்ட நிலம் கேட்கும் அழுத்தம் எப்போதும் இருக்கிறது. அப்படியிருந்தும் காட்டின் எல்லைக்கோட்டைத் தாண்டி நகரம் வளரக் கூடாது என்பதில் இங்குள்ளவர்கள் பிடிவாதமாக நின்றார்கள். 2009இல் அதற்கென்றே தனிச்சட்டம் வந்தது. கட்சி எதுவானாலும் மார்காவின் எல்லையில் கைவைப்பதென்றால் இரண்டு முறை யோசிப்பார்கள்.

அப்புறம், 'எல்லா மனிதரின் உரிமை' என்று ஒன்று இருக்கிறது. பழைய வழக்கம், 1957இல் சட்டமானது. பயிரிடாத நிலத்தில், தனியார் காடானாலும், யாரும் நடக்கலாம். வீடுகளிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்கலாம். ஆகஸ்டில் காட்டு நீலப்பழம் பறிக்கலாம். என் பிள்ளைகளின் பற்கள் அந்த மாதம் முழுக்க ஊதாதான். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டில் தீ மூட்டக் கூடாது. மாரிடால்ஸ்வான் ஏரியில் எப்போதுமே குளிக்கக் கூடாது, நகரத்தின் குடிநீரில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம். கடையில் தண்ணீர்ப் போத்தலுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பனிச்சறுக்குத் தெரியாது. குளிர்காலத்தில் வந்து என்ன செய்வது?

சறுக்குவண்டியில் உட்காரத் தெரிந்தால் போதும். 1ஆம் தடத்தில் ஏறி ஃப்ரோக்னர்சேத்தருக்குப் போங்கள். அங்கே வண்டி வாடகைக்குக் கிடைக்கும். அங்கிருந்து மிட்ஸ்டூவன் நிலையம் வரை இரண்டு கிலோமீட்டர் வளைந்து வளைந்து இறங்கும் வழிக்கு 'தக்கைத் திருகி' என்று பெயர். கீழே இறங்கியதும் அதே ரயிலில் ஏறித் திரும்ப மேலே. ரயில் பெட்டிக்குள் போய்ப் பார்க்க வேண்டும்: கம்பியில் சாய்த்த வண்டிகள், தரையெல்லாம் உருகிய பனித்தண்ணீர், கன்னம் சிவந்த பிள்ளைகள், பக்கத்தில் அறுபது வயது அம்மா ஒருவர் தலைக்கவசத்தோடு. சறுக்குப் பாய்ச்சல் மேடை இருக்கும் ஹோல்மென்கொல்லனும் அதே தடத்தில்தான். 1892 முதல் அங்கே போட்டி நடக்கிறது.

குளிர்கால இருட்டைத் தாங்க முடியுமா?

இங்கே குடியேறுகிறவர்கள் குளிருக்குப் பயப்படுவார்கள். பயப்பட வேண்டியது இருட்டுக்குத்தான். டிசம்பர் நடுவில் காலை 9 மணி கழிந்துதான் விடியும். பிற்பகல் 3 மணி கழிந்ததும் பொழுது படும். ஆறு மணி நேரம்கூட வெளிச்சமில்லை. அதிலும் மோசமானது நவம்பர், ஏனென்றால் பனி விழுந்திருக்காது. தெரு ஈரமாகக் கறுத்துக் கிடக்கும். வெண்பனி விழுந்துவிட்டால் தெருவிளக்கு வெளிச்சமே இரட்டிப்பாகிவிடும், மனமும் ஏறும். யன்னல்தோறும் நட்சத்திர விளக்கு வைப்பார்கள். மீனெண்ணெய் குடிப்பது இங்கே பழைய வழக்கம். புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மதிய இடைவேளையில் பதினைந்து நிமிடமாவது வெளியே போய் வாருங்கள். அறைக்குள் முடங்கினால் ஜனவரியில் மனம் சோர்ந்துவிடும்.

நள்ளிரவுச் சூரியன், துருவ ஒளி எல்லாம் ஒஸ்லோவில் தெரியுமா?

நள்ளிரவுச் சூரியன் தெரியாது. அதற்கு ஆர்க்டிக் வட்டம் தாண்ட வேண்டும். ஜூனில் இரவு பத்தரைக்குப் பிறகு சூரியன் மறைந்து நாலு மணிக்கு முன் திரும்பி வரும். துருவ ஒளி எப்போதாவது தெரியலாம். அதற்காகவே வருகிறவர் வடக்கே த்ரொம்சோவுக்குப் போங்கள்.

எல்லாமே விலை அதிகமாமே?

அதிகம்தான். உணவகம், மது, வாடகைக்கார் மூன்றும் சுடும். 4.7 சதவீதத்துக்கு மேற்பட்ட மது அரசுக் கடையில் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டு, சனிக்கிழமையே சாமான் வாங்கிவிடுங்கள். ஊர்க்காரர்களே மதியத்துக்கு வீட்டிலிருந்து பாண் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றித்தான் கொண்டுபோவார்கள்; நீங்களும் அப்படியே செய்யலாம், ஒருவரும் ஒரு மாதிரிப் பார்க்க மாட்டார்கள். க்ரோன்லான்ட் பகுதியில் கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும். பிளாஸ்டிக் போத்தலையும் தகரக் குவளையையும் எறியாதீர்கள், கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் வைப்புக்காசு திரும்பி வரும்.

காசு கொடுக்காமல் கிடைப்பவையும் அதே அளவு உண்டு. காடு, பூங்கா, ஒப்பேராக் கூரை, நூலகம், கடல்.

போக்குவரத்து எப்படி? தீவுகளுக்குப் போகத் தனிச் சீட்டா?

சுலபம். நிலக்கீழ் ரயில், ட்ராம், பஸ், தீவுப் படகு நான்குக்கும் ஒரே சீட்டு. நிலையங்களில் மறிக்கும் கதவு இல்லை என்பதால் சீட்டு வேண்டாமோ என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். பரிசோதகர் திடீரென்று வருவார், தண்டம் மிகப் பெரிது. கார்டெர்மூன் விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே 50 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. விரைவு ரயில் இருபது நிமிடத்தில் வரும். சாதாரண ரயில் சில நிமிடங்கள்தான் கூட, விலை பாதியளவு. வீதியில் மின்சாரக் கார்களாகவே தெரியும், சத்தம் கேட்காது, பிள்ளைகளைக் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கோடையில் நகரசபைத் துறையிலிருந்து படகு எடுத்து ஹோவேடோயா தீவுக்குப் போய்ப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் போய்விடலாம். 1147இல் நிறுவிய துறவிமடத்தின் இடிந்த சுவர்கள், புல்வெளி, குளிக்கப் பாறைக்கரை. இறைச்சி வாட்டும் மணம் கரையெங்கும் வரும்.

நோபல் பரிசு சுவீடனில்தானே? ஒஸ்லோவில் என்ன கொடுக்கிறார்கள்?

சமாதானப் பரிசு மட்டும் இங்கே. ஆல்பிரட் நோபல் தன் 1895ஆம் ஆண்டு உயிலிலேயே அதை நோர்வே நாடாளுமன்றம் தெரிவு செய்யும் ஐவர் குழுவிடம் ஒப்படைத்தார். 1990 முதல் டிசம்பர் 10 அன்று, இரட்டைக் கோபுரம் வைத்த செங்கல் நகரசபைக் கட்டடத்தில் விழா நடக்கிறது. மலாலாவும் கைலாஷ் சத்யார்த்தியும் 2014இல் அங்கே நின்றுதான் பெற்றார்கள். சுவரோவியங்கள் நிறைந்த அந்த மண்டபத்தை மற்ற நாட்களில் பார்க்கலாம்.

மே 17 அன்று வந்தால் நல்லதா?

கட்டாயம் வாருங்கள். 1814இல் அரசியலமைப்பில் கையெழுத்திட்ட நாள். தேசிய நாளென்றால் பீரங்கியும் படையும் ஊர்வலம் போகும் என்று நினைப்போம். இங்கே போவது பிள்ளைகள். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கொடியும் வாத்தியமும் எடுத்துக்கொண்டு கார்ல் யூஹான் தெருவில் ஏறிப் போவார்கள். அரண்மனை மேல்மாடத்தில் அரச குடும்பம் நின்று மணிக்கணக்காகக் கையசைக்கும். ஒவ்வொரு ஊருக்கும் தனி வேலைப்பாடு கொண்ட கம்பளி உடுப்பு, வெள்ளி நகை. அன்றைக்கு ஐஸ்கிரீமுக்குக் கணக்கில்லை என்பது பிள்ளைகளின் சட்டம்.

ஒஸ்லோவில் தமிழர்கள் எப்படி வந்தார்கள்?

1956இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அன்ரனி இராஜேந்திரம் முதல்வர் என்பார்கள். பிறகு மாணவர்களாகச் சிலர். 1983க்குப் பின் போரிலிருந்து தப்பிப் பலர். நிறையப் பேருக்கு முதல் வேலை ஒஸ்லோவில் கிடைக்கவில்லை. வடகோடியில் ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் உறைந்த மீனை வெட்டினார்கள். பிள்ளைகள் வளர வளரத் தெற்கே இறங்கி, ஒஸ்லோவின் கிழக்குப் பக்கம் க்ரூருட் பள்ளத்தாக்கில் குடியேறினார்கள். இன்று அங்கே கோவிலும் தமிழ்ப் பள்ளியும் உண்டு.

அந்தப் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்தான் கம்சாயினி குணரத்னம். மூன்று வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். 2011 ஜூலை 22 அன்று நகர மையத்தில் குண்டு வைத்து 8 பேரையும் ஊத்தோயா தீவின் இளைஞர் முகாமில் 69 பேரையும் ஒரு தீவிர வலதுசாரி கொன்றான். அந்தத் தீவிலிருந்து நீந்தித் தப்பினார் அவர். 2015இல் ஒஸ்லோவின் துணை மேயர், 2021இல் நாடாளுமன்ற உறுப்பினர். அவர் பெயரைச் செய்தியில் கேட்டபோது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அழுதார்கள்.

ஈழப் பேச்சுவார்த்தையையும் மறக்க முடியாது. 2002 போர்நிறுத்தத்துக்கு நோர்வே இடைநின்றது. அந்த டிசம்பரில் இரு தரப்பும் இங்கே கூடிக் கூட்டாட்சித் தீர்வை ஆராய இணங்கியதைத்தான் 'ஒஸ்லோ பிரகடனம்' என்கிறோம். அது கைகூடாமல் போன வலி எங்களுக்கு இன்னும் இருக்கிறது.

கடைசியாக, என்ன உடுப்புக் கொண்டுவருவது?

ஒரு தடித்த மேலங்கியைவிட மெல்லிய அடுக்குகள் நல்லது. உடம்போடு ஒட்டியது கம்பளியாக இருக்கட்டும். பருத்தி வியர்வையில் நனைந்து குளிரும். கோடைக்கும் மழையங்கி ஒன்று. ஜனவரி, பெப்ரவரியில் நடைபாதை கண்ணாடிபோல உறையும், சரளை தூவினாலும் வழுக்கும். சப்பாத்தின் அடியில் மாட்டும் சிறு முள்ளுப் பட்டையை வந்த அன்றே வாங்கிக்கொள்ளுங்கள்; முக்கியமாக அம்மா அப்பாவைக் கூட்டிவந்தால் அதை மாட்டாமல் வாசலைத் தாண்ட விடாதீர்கள்.